உடலை உறையவைக்க ஆசை: குறுக்கே நிற்பது எந்தச் சட்டம்?

சட்டம் கேளுங்கள் | வாசகர் கேள்விகளுக்குக் கொழும்பு, புதுக்கடைச் சட்டத்தரணி ஒருவரின் பதில்கள்

சென்ற இதழில் ஒரு வாசகர், இறந்தபின் தன் உடலை வெளிநாட்டில் உறைநிலையில் வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். இடம் போதாததால் "முடியும், ஆனால் சிக்கல் அதிகம்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அதைத் தொடர்ந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. கோபம், ஆசை, பயம் எல்லாம் அவற்றில் இருந்தன. எனவே இந்த இதழை இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

புதிய வாசகர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்தியர் அறிவித்த உடனே உடலைக் குளிரவைக்கத் தொடங்குவார்கள். இரத்தத்தை வெளியேற்றி, பனிப்படிகம் உண்டாகாமல் தடுக்கும் ஒரு திரவத்தை இரத்தக் குழாய்களில் ஓட்டுவார்கள். பிறகு உடலைத் திரவ நைதரசன் தொட்டியில் −196 பாகை செல்சியசில் வைப்பார்கள். எதிர்கால மருத்துவம் என்றாவது எழுப்பும் என்பது நம்பிக்கை. இதைக் கிரையோனிக்ஸ் என்கிறார்கள். 1967 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்போர்ட் என்ற பேராசிரியரின் உடலை இப்படி வைத்தார்கள். அது இன்னும் பாதுகாக்கப்படுகிறது. இதுவரை யாரும் எழுந்து வரவில்லை.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா? குறைவு. 2023 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் சிறுநீரகத்தை உறையவைத்து, மீண்டும் சூடாக்கி, இன்னோர் எலிக்குப் பொருத்தி இயங்கச் செய்தார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால் ஒரு எலியின் சிறுநீரகத்துக்கும் ஒரு மனிதரின் மூளைக்கும் இடையில் உள்ள தூரம் மிக நீண்டது. அப்படியிருந்தும், தன் உடலுக்கு என்ன நடக்க வேண்டும் என்று ஒருவர் தெளிந்த மனதோடு சொன்னால் அதற்காக வாதாடுவேன். கீழே வரும் பதில்களை அந்த மனநிலையில்தான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். வயது 69. நுரையீரலில் புற்றுநோய். மிச்சிகனில் உள்ள நிறுவனத்தில் உறுப்பினராகச் சேர்ந்து பணமும் கட்டிவிட்டேன். ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்குச் சம்மதம். மனைவிக்கும் என் தம்பிமாருக்கும் துளியும் பிடிக்கவில்லை. மரணசாசனத்தில் தெளிவாக எழுதிவைத்தால் அவர்கள் கட்டுப்பட வேண்டும்தானே?
*வெள்ளவத்தை வாசகர்*

பதில்: ஐயா, மரணசாசனத்தை நம்பி இதில் இறங்காதீர்கள்.

உங்கள் மரணசாசனம் செல்லுபடியாகும். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகள். அது சுலபம். ஆனால் மரணசாசனம் பேசுவது சொத்தைப் பற்றி. மனித உடல் சொத்து அல்ல. இங்கிலாந்து நீதிமன்றம் 1882 இலேயே வில்லியம்ஸ் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. நம் வைத்தியசாலைகளின் நடைமுறையும் இதுதான். பிரேத அறையில் யாரும் மரணசாசனத்தைக் கேட்பதில்லை. நெருங்கிய உறவு யார் என்று கேட்பார்கள், கையொப்பம் வாங்குவார்கள், உடலைக் கொடுப்பார்கள். உங்கள் விடயத்தில் அந்தக் கையொப்பம் உங்கள் மனைவியுடையது.

அப்புறம் காலக் கணக்கைப் பாருங்கள். கொழும்பில் நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் மலர்ச்சாலைக்குத் தொலைபேசி போகும். அன்றைக்கே உடல் கெடாதிருக்க மருந்தேற்றி எம்பாம் செய்துவிடுவார்கள். இரண்டாம் மூன்றாம் நாள் கனத்தை மயானம். மரணசாசனத்தைத் தேடி அலுமாரியைத் திறப்பது எட்டுச்செலவு முடிந்த பிறகுதான். என்னிடம் வந்த ஓர் ஆசிரியை, தன் உடலை மருத்துவ பீடத்து மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று மரணசாசனத்தில் எழுதியிருந்தார். பிள்ளைகள் அதை வாசித்தபோது அஸ்தி கரைத்தாயிற்று. அவர்கள் நல்ல பிள்ளைகள். அம்மாவின் விருப்பத்தை மீறிவிட்டோமே என்று என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதார்கள். அன்றிலிருந்து உடல் பற்றிய விருப்பத்தை மரணசாசனத்துக்குள் மட்டும் எழுத நான் யாரையும் விடுவதில்லை.

உறுப்பினர் பத்திரம் இருக்கிறதே என்பீர்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓர்வில் ரிச்சட்சன் என்பவருக்கும் அது இருந்தது. அரிசோனாவில் உள்ள அல்கோர் நிறுவனத்தோடு 2004 இல் ஒப்பந்தம் செய்து பணமும் கட்டினார். 2009 பெப்ரவரியில் இறந்தார். சகோதரனும் சகோதரியும் அவரைப் புதைத்துவிட்டார்கள். அல்கோர் வழக்குப் போட்டது. முதல் நீதிமன்றத்தில் தோற்று, 2010 இல் மேன்முறையீட்டில் வென்றது. உடலைத் தோண்டி எடுக்க உத்தரவு கிடைத்தது. ஆனால் அதற்குள் அந்த உடல் ஒரு வருடத்துக்கு மேல் மண்ணில் இருந்துவிட்டது. மூளையைக் காப்பதுதான் நோக்கம் என்றால் அந்த வெற்றியில் என்ன மிச்சம்? அதுவும் இந்த நிறுவனங்கள் வேரூன்றிய நாட்டில், அவர்களுக்குச் சாதகமான சட்டத்தின்கீழ். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. தடுக்கவும் இல்லை, தாங்கிப் பிடிக்கவும் இல்லை.

மகனுக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்திருப்பதாகக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள் உயிரோடு இருக்கும்வரைதான். உங்கள் மூச்சு நின்ற நிமிடத்தில் அந்தப் பத்திரமும் செத்துவிடும். மகனுக்கு அது மிக அவசியமாகப்படும் நேரத்தில் அது வெறும் கடதாசி.

1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் ஓரளவு உதவலாம். ஒருவர் தன் உடலையோ உறுப்பையோ சிகிச்சைக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் கொடுக்க எழுத்தில் சம்மதிக்க அது இடம் தருகிறது. அமெரிக்க நிறுவனங்களும் அங்குள்ள உடல் தானச் சட்டத்தின் வழியாகத்தான் உடலைப் பொறுப்பேற்கின்றன. ஆகவே அப்படி ஒரு சம்மதப் பத்திரத்தையும் எழுதி வையுங்கள். உங்கள் எண்ணம் இதுதான் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் நம் சட்டத்தை எழுதியவர்களின் மனதில் இருந்தவை மருத்துவ பீடமும் வைத்தியசாலையும். வெளிநாட்டுக் களஞ்சியம் ஒன்று அவர்கள் நினைவில் இருந்திருக்காது.

எனவே உங்கள் வேலை நீதிமன்றத்தில் இல்லை, உங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. மனைவி ஏன் மறுக்கிறார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "காடாத்தும் அந்தியேட்டியும் எதை வைத்துச் செய்வது என்று அழுகிறாள்." ஐயா, அது சின்னக் காரணம் இல்லை. நாற்பது வருடம் கூட வாழ்ந்தவருக்குச் செய்ய வேண்டிய கடமையை நீங்கள் பறிப்பதாக அவர் நினைக்கிறார். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. கடலில் போனவர்களுக்கு அப்படிச் செய்திருக்கிறோம். உங்கள் வீட்டுக் குருக்களை அழைத்து இருவருமாக இருந்து பேசுங்கள். மனைவி மனம் இறங்கினால், அவரிடமிருந்தும் தம்பிமாரிடமிருந்தும் சத்தியக்கடதாசி வாங்குங்கள். "இவரது விருப்பம் எனக்குத் தெரியும், உடலை இன்னாரிடம் ஒப்படைக்க நான் தடை சொல்லமாட்டேன்" என்ற அளவில் எளிமையாக இருக்கட்டும். பிரதிகள் உங்கள் வைத்தியரிடமும் மலர்ச்சாலையிடமும் இருக்கட்டும். அவர் இறங்காவிட்டால், அவரைத் தாண்டிப் போக வழி சொல்லித்தர என்னால் முடியாது.

கேள்வி: அப்பாவின் ஆசை இது. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சம்மதம். கொழும்பில் இறந்தால் உடல் கட்டுநாயக்க வரை போய்ச் சேர என்னென்ன தடை வரும்? வீட்டிலேயே திடீரென்று நடந்துவிட்டால்?
*பம்பலப்பிட்டி வாசகி*

பதில்: மகளே, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

காரணம் தெரியாத மரணம், விபத்து, வைத்தியர் பார்க்காத மரணம் என்றால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அவருக்கும் நீதவானுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பிரேத பரிசோதனைக்கு உத்தரவிட்டால் உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். முழுமையான பரிசோதனையில் மண்டையோட்டைத் திறந்து மூளையை வெளியே எடுப்பார்கள். அத்தோடு அப்பாவின் திட்டம் முடிந்தது. குடும்பம் சம்மதிக்கவில்லை என்பதற்காக அதை நிறுத்த முடியாது. நிறுத்தவும் கூடாது என்பதுதான் என் கருத்து. சந்தேக மரணங்கள் விசாரிக்கப்படாமல் போன காலத்தை நாம் இந்த நாட்டில் கண்டிருக்கிறோம்.

ஆனால் காரணம் தெளிவாக இருந்தால் விசாரணை அதிகாரி பிரேத பரிசோதனை இல்லாமலே உடலை விடுவிக்கலாம். அதற்கு அப்பாவை ஒரே விசேட வைத்திய நிபுணர் தொடர்ந்து பார்த்து வர வேண்டும். நோய்க் குறிப்பு, ஸ்கான், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு கோப்பில் வீட்டில் இருக்க வேண்டும். கடைசி நாட்கள் தெரிந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சிகிச்சை அளித்த வைத்தியர் மரணத்துக்கான காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டால் பதிவாளரிடம் வேலை சீக்கிரம் முடியும். ஞாயிறும் போயாவும் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே கேட்டு வையுங்கள்.

பிறகு மலர்ச்சாலை. உடலை வெளிநாட்டுக்கு அனுப்ப நம் மலர்ச்சாலைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர்களுக்குப் பழக்கமான வழி எம்பாம் செய்து, பெட்டியை மூடி முத்திரையிட்டு, அதற்கான சான்றிதழோடு அனுப்புவது. விமான நிறுவனங்களும் அதைத்தான் எதிர்பார்க்கும். எம்பாம் செய்யப் பயன்படுத்தும் போமலின் இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் உறைகாப்புத் திரவத்தை ஒழுங்காக ஓட்ட முடியாது. எம்பாம் செய்யாமல் உலர் பனிக்கட்டியில் அனுப்புவதென்றால், அது விமானப் போக்குவரத்து விதிகளில் அபாயப் பொருள். மூடிய இடத்தில் காபனீரொட்சைட்டு வாயுவாக வெளியேறும் என்பதால் அளவு, பெட்டி, லேபல் எல்லாவற்றுக்கும் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். கொழும்பிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானமும் இல்லை. டோஹாவிலோ டுபாயிலோ மாறும் இடத்து விதியும் பார்க்க வேண்டும். தூதரகப் பத்திரம் தனி.

அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹோல்புரூக் என்ற ஊரில் ஒரு நிலையம் தொடங்கி, 2024 இல் முதல் உடலைப் பொறுப்பேற்றது. தூரம் குறைவு. அப்பாவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். எங்கு அனுப்பினாலும் உண்மை ஒன்றுதான்: இந்த முறைக்குத் தேவை நிமிடங்கள், நம் கடதாசி வேலைக்குத் தேவை நாட்கள். கடைசிக் காலத்தில் அந்த நாட்டுக்கே போய் இருப்பவர்கள் உண்டு. உடல்நிலையும் விசாவும் பணமும் இடம் கொடுத்தால் அதுதான் உறுதியான வழி. ஆனால் அப்பா தன் கடைசி வாரங்களைத் தெரியாத ஊரில், பேரப்பிள்ளைகள் இல்லாமல் கழிக்க வேண்டிவரும். அந்த விலையையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கொரோனா காலத்தில் எங்கள் மையித்துகளை எங்கள் கண்முன்னே எரித்தார்கள். மண்ணில் அடக்க ஆறடி கேட்டு மன்றாடினோம். இப்போது வசதியுள்ள ஒருவர் தன் உடலைப் பெட்டியில் வைத்து அமெரிக்கா அனுப்பக் கேட்கிறார், நீங்களும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறீர்கள். இது நியாயமா?
*தெமட்டகொடை வாசகர்*

பதில்: உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் கோபம் நியாயமானது.

2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, கொவிட்டால் இறந்த ஒவ்வொருவரையும் எரிக்கச் சொன்னது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லியிருந்தது. அரசியலமைப்பின் மதச் சுதந்திர உறுப்புரைகளைக் காட்டி முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 டிசம்பர் 1 ஆம் திகதி நீதிமன்றம் அந்த மனுக்களை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. அதே மாதம் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையைப் பொரளையில் எரித்தார்கள். கனத்தை வேலியில் மக்கள் எதிர்ப்பாகக் கட்டிய வெள்ளைத் துணிகளை நானும் போய்ப் பார்த்தேன். என் தொழிலில் அதைப்போல் வெட்கப்பட்ட நாள் வேறில்லை. 2021 பெப்ரவரி கடைசியில்தான் விதி மாறியது. அப்போதும் கொழும்பில் இறந்தவரைக் கிழக்கே ஓட்டமாவடி வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. எரிந்தவர்களுக்கு அதனால் என்ன?

ஆனால் உங்கள் வழக்கையும் வெள்ளவத்தைக்காரரின் வழக்கையும் எதிரெதிரே வைக்க என்னால் முடியவில்லை. பிரான்சில் ரேமொன் மார்ட்டினோ என்ற வைத்தியரும் அவரது மனைவியும் தங்கள் வீட்டுக் கீழறைக் குளிர்பெட்டியில் வைக்கப்பட்டிருந்தார்கள். புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும், மூன்றாவது வழி கிடையாது என்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2006 இல் தீர்ப்பளித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இந்த ஏற்பாட்டை விற்பதே சட்டப்படி தடை. ஓர் அரசு "இந்த வழி மட்டும்தான்" என்று சொல்லத் தொடங்கினால், அடுத்து அது யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று சொல்ல முடியாது. நீங்கள் மண் கேட்டீர்கள், அவர் குளிர் கேட்கிறார். பொதுச் சுகாதாரத்துக்கு உண்மையான கெடுதல் இருப்பதாக நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. அதை நிரூபிக்காமல் உங்களிடமிருந்து பறித்தார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியை அலட்சியமாக எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: தனியார் வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். ஒரு நோயாளியின் குடும்பம், மூச்சு நிற்பதற்குக் கொஞ்சம் முன்னரே ஐஸ் வைக்கவும் ஊசி போடவும் கேட்கிறது. அப்படிச் செய்தால் மூளை கெடாதாம். செய்யலாமா?
*கொட்டாஞ்சேனை வாசகி*

பதில்: கூடாது, தங்கச்சி. ஒரு நிமிடம் முன்னராயினும் அது உயிருள்ள மனிதர் மேல் செய்யும் செயல். மரணத்தை விரைவுபடுத்தினால் கொலைக் குற்றச்சாட்டு வரலாம். நோயாளியே கேட்டார் என்பது உங்களைக் காப்பாற்றாது. தற்கொலைக்கு முயல்வது 1998 இலிருந்து நம் நாட்டில் குற்றமில்லை, ஆனால் அதற்கு உடந்தையாக இருப்பது இன்றும் குற்றம். கலிபோர்னியாவில் தோமஸ் டொனால்ட்சன் என்ற கணிதவியலாளர், மூளைக் கட்டி தன் மூளையை அழிக்குமுன் தன்னை உறையவைக்க அனுமதி கேட்டு வழக்காடினார். 1992 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. வைத்தியர் மரணத்தை அறிவித்து நேரத்தைக் குறிப்பில் எழுதட்டும். அதன்பின் ஐஸ் வைப்பதில் குற்றமில்லை. அதையும் வைத்தியசாலை நிர்வாகத்தின் எழுத்து அனுமதியோடு செய்யுங்கள்.

கேள்வி: லண்டனில் 14 வயதுப் பெண் ஒருத்தி நீதிமன்றத்தில் இதற்கு அனுமதி பெற்றதாக வாசித்தேன். இங்கேயும் அப்படி முடியுமா? நான் உயர்தர மாணவி, சட்டம் படிக்க விரும்புகிறேன்.
*மட்டக்குளி வாசகி*

பதில்: அந்த வழக்கு 2016 ஒக்டோபரில் வந்தது. பெண்ணுக்குப் புற்றுநோய். தாய் சம்மதம், பிரிந்துபோன தந்தை முதலில் மறுத்தார். நீதிபதி பீட்டர் ஜக்சன் வைத்தியசாலைக்கே போய் அவளைப் பார்த்தார். அவர் தீர்மானித்தது உறையவைப்பது சரியா பிழையா என்பதை அல்ல. இறந்தபின் உடலைப் பற்றி முடிவெடுப்பது தாயா தந்தையா என்பதைத்தான். தாய் என்றார். அவள் அந்த முடிவைத் தெரிந்துகொண்டு கண்மூடினாள், உடல் மிச்சிகனுக்குப் போனது. செலவு சுமார் 37,000 பவுண்.

அந்தத் தீர்ப்பின் கடைசிப் பகுதியை வாசி. இறந்த அன்று நடந்தவை பற்றி வைத்தியசாலை கடும் கவலை தெரிவித்தது. உதவிக்கு வந்த தன்னார்வக் குழு போதிய ஆயத்தமில்லாமல் வந்தது. மகளின் கடைசி நாளில் தாயின் கவனம் இந்த ஏற்பாடுகளில் போய்விட்டது. இதற்கு ஒழுங்கான விதிமுறை வேண்டும் என்று நீதிபதி எழுதினார். வழக்கில் வென்றவர்களின் துயரத்தையும் அப்படிப் பதிவுசெய்திருப்பதால் அது எனக்குப் பிடித்த தீர்ப்பு. நம் நாட்டில் 18 வயதுக்குக் குறைந்தவர் விடயத்தில் பெற்றோர் முரண்பட்டால், பிள்ளையின் நலனே முதன்மை என்ற கொள்கையோடு மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் லண்டன் நீதிமன்றம் நாட்களில் முடித்ததைப் புதுக்கடை நீதிமன்றங்களில் எதிர்பார்க்காதே. நீ படித்து வந்து அதை மாற்று.

கேள்வி: நான் திரும்பி வரும்வரை என் வீட்டை யாரும் விற்கக் கூடாது என்று உறுதி எழுத முடியுமா? யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். காப்புறுதிப் பணத்தையும் நேரே அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா?
*தெஹிவளை வாசகர்*

பதில்: முடியாது. மரணச் சான்றிதழ் எழுதிய அன்று உங்கள் திருமணமும் உரித்தும் ஓய்வூதியமும் முடிந்துவிடும். எழுந்து வந்தாலும் சட்டம் உங்களை அடையாளம் காணாது. அசையாச் சொத்தை எல்லையில்லாத காலத்துக்கு விற்காமல் கட்டிவைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்தினால், திருமணத்துக்குப் பின் தேடிய தேட்டத்தில் பாதி மனைவியுடையது. அந்தப் பாதியில் நீங்கள் கைவைக்க முடியாது. 2016 இல் வந்த காணாமற்போனமைச் சான்றிதழைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய்மாருக்காக வந்த பத்திரம் அது.

காப்புறுதி பற்றி: அமெரிக்காவில் நிறுவனத்தையே பயனாளியாகப் போடுவார்கள். மிச்சிகனில் முழு உடலுக்கு 28,000 டொலரிலிருந்து தொடங்கும், அரிசோனாவில் இரண்டு இலட்சத்துக்கு மேல். இங்கே காப்புறுதிப் பணம் ரூபாயில், நீங்கள் பெயர் குறித்தவர் கைக்கு, சில வாரம் கழித்து வரும். அதை 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு அமைய வங்கி வழியாக டொலராக்கி அனுப்ப வேண்டும். 2022 இல் பிள்ளைகளின் படிப்புக்கே பணம் அனுப்ப முடியாமல் தவித்தோம். பணம் வந்து சேராமல் நிறுவனம் உடலை ஏற்காது. ஆகவே கட்டுவதாக இருந்தால் இப்போதே, வங்கியில் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிக் கட்டுங்கள். அதற்கு முன் வீட்டின் மேல் உள்ள கடனை அடைத்துவிடுங்கள். கடன் உங்கள் மனைவி தலையில் விழக் கூடாது.